இடம் மாறிய கல்லறைகள்: சென்னையில் ஒருநாள் உலா

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மெரினா, மகாபலிபுரம், கடைசியில் ஏதாவது ஒரு மால் என்று அழைத்துப் போகிறோம். இந்த முறை கல்லறைகளைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது எனக்கும் தெரியும். திரும்பி வந்து தலைக்குக் குளித்துக்கொள்ளலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொடங்குங்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு; அடையாள அட்டையை மறக்க வேண்டாம். 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைச் சுற்றியுள்ள முற்றத்தில் நீங்கள் நடப்பதே கல்லறைக் கற்களின் மேல்தான். லத்தீன், போர்ச்சுகீசியம், ஆர்மேனியம் என்று பல மொழி எழுத்துகள் காலடியில் கிடக்கும். அவற்றில் எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லைத் தேடிப் பிடியுங்கள். அதில் உள்ள ஆண்டு 1652.

கோயிலைவிடக் கல் 28 ஆண்டு மூத்தது எப்படி? அந்தக் கல்லின் கீழே எலிசபெத் இல்லை. அன்றைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த பெரிய பெரிய சமாதிகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் முதல் வேலையாகத் தங்கள் முன்னோர்களின் சமாதிகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துள்ள கற்கள் மட்டும் கோயில் முற்றத்துக்கு வந்தன. அங்கும் நிம்மதி இல்லை. ஹைதர் அலியோடு போர் வந்தபோது பீரங்கிகளை நிறுத்துவதற்காக அவற்றைப் பெயர்த்தார்கள். சில கற்கள் உடைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய தோட்டத்தில் இடிக்காமல் விடப்பட்டவை இரண்டே. ஒன்று பவுனி குடும்பத்தினுடையது. மற்றொன்று கூம்பு வடிவச் சமாதி. அதில் இருவர் இருக்கிறார்கள். 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் ஒருவர். அவருடைய விதவை கேத்தரினை அதே ஆண்டு நவம்பரில் எலைஹு யேல் மணந்தார். புனித மேரி கோயிலில் பதிவான முதல் திருமணம் அதுதான். யேல் பின்னாளில் சென்னையின் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அந்தத் தம்பதியின் மகன் டேவிட், நான்கு வயது நிறைவதற்குள் இறந்துபோனான். அவனைத் தாயின் முதல் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழந்தையைத் தனியாக விட கேத்தரினுக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1921 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தச் சமாதியை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்தில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்கு அது இடையூறாக இருந்தது. பார்க்கிங் படுத்தும் பாடு நமக்கும் தெரியும். நம் சங்கக் கூட்டங்களில் பாதி நேரம் அதிலேதானே போகிறது! ஆனாலும் பிரெஞ்சுப் பீரங்கிக்குத் தப்பிய சமாதி காருக்கு வழிவிட வேண்டும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம்.

கோட்டையிலிருந்து ஆட்டோவில் ஆர்மேனியன் தெருவுக்குப் போய்விடலாம். 1772-ல் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. முற்றம் முழுக்கக் கல்லறைகள். உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794-ல் வெளிவந்தது நம் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும் நந்தம்பாக்கம். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் போர் நினைவுக் கல்லறைத் தோட்டத்தைப் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க முடியாமல் போன பல கல்லறைகளிலிருந்து எடுத்துவரப்பட்டவர்கள் அவர்கள். தோட்டத்தின் பின்புறம் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் உடல்கள் வேறு வேறு ஊர்களில் இருக்கின்றன. கோட்டை முற்றத்தில் பார்த்ததுபோல இங்கும் பெயர் ஓரிடம், ஆள் ஓரிடம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கற்களில் உள்ள வயதுகளைப் படிக்கச் சொல்லுங்கள். இருபது, இருபத்திரண்டு என்று வரும்.

திரும்பும் வழியில் தேனாம்பேட்டை செனடாப் ரோடு வந்தால் ஒரு தகவல். செனடாப் என்றால் உடல் இல்லாத சமாதி. கார்ன்வாலிஸ் பிரபுவுக்காக அங்கே எழுப்பிய மண்டபம் இப்போது கோட்டைக்குள் இருக்கிறது. காலையிலேயே அதையும் பார்த்துவிடுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.