ஆஸ்பத்திரிக்குள்ளே நண்டு

மேட்டூர்க்காரங்களுக்கு 1934ல கட்டி முடிச்ச அணையே பழசு. அணையைப் பார்க்க வர்றவங்க ரோட்டோரக் கடையில சுடச்சுட மீன் வறுவல் தின்னுட்டுக் கிளம்பிடுவாங்க. பழைய சர்க்கார் கட்டடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடற அனுபவம் வேணும்னா கொழும்புக் கோட்டைப் பக்கம் போகலாம். அங்கே இருக்கிற டச்சு ஆஸ்பத்திரிக்கு வயசு 340க்கு மேல!

1656ல போர்த்துக்கீசியர்கிட்ட இருந்து கொழும்பைப் பிடிச்ச டச்சுக்காரங்க (இலங்கைத் தமிழ்ல ஒல்லாந்தர்), கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கக் கட்டினது இது. கப்பல்ல நோயோட வந்து இறங்கறவங்களைச் சட்டுன்னு கொண்டுவர வசதியா துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கட்டிட்டாங்க. 1681லேயே இருந்திருக்கு. அரை மீட்டர் கனத்துக்குச் சுவர், தேக்கு உத்தரம், ஓட்டுக்கூரை, நடுவுல ரெண்டு முற்றம். நம்ம பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டை நீளமா இழுத்துவிட்ட மாதிரின்னு வச்சுக்கங்களேன். 1670கள்ல இலங்கையில கம்பெனி டாக்டரா இருந்த பால் ஹெர்மன் சேர்த்து வச்ச செடிகொடிகளை வச்சுத்தான் லின்னேயஸ் 1747ல இலங்கைத் தாவரங்கள் பத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

இதெல்லாம் சுற்றுலாக்காரங்களுக்குப் பிடிச்ச பகுதி. அடுத்தது அப்படி இல்லை.

1980கள்ல இருந்து 90கள் வரைக்கும் இதே கட்டடம் கோட்டை போலீஸ் ஸ்டேஷன். 1979லேயே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தாச்சு, 83 ஜூலையும் நடந்தாச்சு. அந்த வருஷங்கள்ல ஒரு கொழும்புத் தமிழர் போலீஸ் ஸ்டேஷன் வாசலை எப்படிப் பார்த்திருப்பார்னு நான் விளக்க வேண்டியதில்லை. 1996 ஜனவரி 31ல மத்திய வங்கி மேல புலிகள் லாரி குண்டு வெடிச்சப்போ 91 பேர் செத்தாங்க, 1,400 பேருக்குக் காயம். இந்தக் கட்டடமும் சேர்ந்து சிதைஞ்சது.

போர் முடிஞ்சப்புறம் நகர அபிவிருத்தி அதிகார சபை இதைச் செப்பனிட்டு, 2011 டிசம்பர்ல கடையும் உணவகமுமா திறந்துவிட்டது. அப்போ அந்தச் சபை இருந்தது பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே! உள்ளே ரொம்பப் பேர் வாங்கினது 'மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்'. அதாவது நண்டு அமைச்சு :-) சமையல்காரர் தர்ஷன் முனிதாசவோட கிரிக்கெட் ஆட்டக்காரங்க மஹேலவும் சங்கக்காரவும் கூட்டாளிகள். இலங்கையோட நல்ல சேற்று நண்டெல்லாம் சிங்கப்பூருக்கே ஏற்றுமதியாகிட்டு இருந்தது, அதை ஊர்லயே பரிமாறணும்ங்கிறதுதான் யோசனை. அரைக் கிலோவுல ஆரம்பிச்சு ரெண்டு கிலோ வரைக்கும் நண்டு உண்டு. விலை நம்ம பர்ஸுக்கு ஒத்துவராது.

சாப்பாட்டுக் கடையாக்கினது தப்புன்னு நான் சொல்லல. பூட்டியே வச்சிருந்தா ஓடு சரிஞ்சிருக்கும். உறுத்தறது பேர்தான். 'டச்சு ஆஸ்பத்திரி'ன்னா 17ம் நூற்றாண்டு ஞாபகம் வருது, ஸ்டேஷனா இருந்த காலம் அந்தப் பேர்ல இல்லவே இல்லை. அந்த வருஷங்கள்ல கொழும்புல இருந்த தமிழர் யாராவது கூட வந்தா, நண்டு மேசைக்கு வர்ற வரைக்கும் அவர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க.