தச்சர் மேசையும் ஏற்றியிறக்கும் மேசையும்: திருகோணமலையின் தேவைக்கு எது?

துறைமுக அலுவலகம், சீனக்குடா எண்ணெய்க் களஞ்சியம், கச்சேரி, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் என எங்கு போனாலும் இன்று கணினி முன் அமர்ந்துதான் வேலை. கடைகளில் கிடைக்கும் மேசைகளின் உயரமோ பெரும்பாலும் 75 சென்ரிமீற்றரை ஒட்டியே இருக்கிறது. அந்த உயரம் யாருடைய உடலுக்கு?

150 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஏறத்தாழ 37, இருக்கையிலிருந்து முழங்கை வரை 22, செருப்புக்கு 2. அவருக்கு விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் 61. 175 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆணுக்கு இதே கணக்கு 44, 24, 2 என்று 70 வருகிறது. 75இல் நிற்கும் மேசை ஆணுக்கு 5 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 14 சென்ரிமீற்றரும் கூடுதல். கதிரையை உயர்த்தினால் கால் தொங்கும். உயர்த்தாவிட்டால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி தட்டச்சிட வேண்டும். கழுத்துவலியும் மணிக்கட்டு வலியும் இப்படித்தான் சேர்கின்றன.

இடைப்பட்ட ஓர் அளவில் செய்துவிட்டால் தீராதா? அமெரிக்க விமானப்படையின் 4,063 விமானிகளை அளந்த கில்பர்ட் டேனியல்ஸ், 10 அளவுகளிலும் நடுத்தரமாக அமைந்தவர் ஒருவர்கூட இல்லை என்று 1952இல் காட்டினார். 1987இல் ஜோன் அபேசேகரவும் ஹூஷாங் ஷாநவாசும் இலங்கைத் தொழிலாளரின் உடலளவுகளைப் பிற நாட்டவரின் அளவுகளோடு ஒப்பிட்டு, இறக்குமதிப் பொருள்களின் பயன்பாட்டை அந்த வேறுபாடு எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியும் உதவாது, பிறர் அளவும் உதவாது. எஞ்சுபவை இரண்டு வழிகள்: ஆளை அளந்து தச்சரிடம் செய்விக்கும் மேசை, யார் வந்தாலும் உயரம் மாறும் ஏற்றியிறக்கும் மேசை.

உடலுக்குப் பொருந்துவதில் தச்சர் மேசை முந்துகிறது. 61 என்றால் 61இலேயே கால்களை அறுத்துத் தருவார். கவனிக்க வேண்டியது லாச்சி. மேற்சொன்ன பெண்ணின் இருக்கை, செருப்பையும் சேர்த்து, 39இல் இருக்கும். மேசையின் மேற்பரப்புக்கும் இருக்கைக்கும் இடையே 22 சென்ரிமீற்றர்தான். தொடைக்கு 13, பலகைக்கு 2 அல்லது 3 போனால், எஞ்சுவது காலை அசைக்க மட்டுமே போதும்; நடுவில் லாச்சி வைக்க இடமில்லை. அதைப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஏற்றியிறக்கும் மேசை எல்லோருக்கும் பொருந்தும் என்று நம்பி வாங்குபவர் பலர். ஆனால் மலிவான மின்மேசைகள் பலவற்றை 70 அல்லது 72க்குக் கீழே இறக்க முடியாது. நின்று வேலை செய்யும் நெட்டையருக்கு அவை நன்று. உட்காரும் குட்டையருக்கு அவையும் பழைய மேசையே. மூன்று அடுக்குக் கால் உள்ளவையே 60ஐ ஒட்டி இறங்கும்.

ஒரே இடத்தில் பலர் அமரும்போது நிலைமை மாறுகிறது. இரவு பகல் முறைவேலை நடக்கும் கட்டுப்பாட்டு அறையிலும், வகுப்புக்கு வகுப்பு மாணவர் மாறும் கணினிக்கூடத்திலும் ஒருவர் அளவுக்கு அறுத்த மேசை அடுத்தவருக்குத் தண்டனை. அங்கே ஏற்றியிறக்கும் மேசைக்கு ஈடில்லை. அதை வாங்கப் பணமில்லாத கணினிக்கூடம் 62, 66, 70 என மூன்று உயரங்களில் தச்சர் மேசைகளை வரிசையாகப் போட்டு, உயரம் மாறும் கதிரைகளைச் சேர்க்கலாம். மாணவர் தமக்கேற்ற வரிசையைத் தேர்ந்துகொள்வார்.

உழைப்பதிலும் வேறுபாடு உண்டு. கடலோர உப்புக்காற்று இரும்புக் காலையும் திருகையும் அரிக்கும். மின்சாரம் நின்றால் மோட்டார் மேசை நின்ற உயரத்திலேயே நிற்கும். ஆகவே இங்கே கையால் சுற்றும் வகையே பாதுகாப்பானது. தச்சர் மேசைக்கு வடகீழ்ப் பருவ ஈரம்தான் எதிரி. நன்கு காய்ந்த தேக்கும் மெருகுப் பூச்சும் அதைத் தாங்கும். பழுதானால் திருத்துபவர் அடுத்த தெருவில் இருப்பார்.

திரை விடயத்தில் இரண்டு மேசையும் ஒன்றுதான்: மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் ஏறத்தாழ ஒரு கைநீளம். மடிக்கணினியை உயர்த்தி வைத்தால் தனி விசைப்பலகை வேண்டும்.

ஒருவரே நாளெல்லாம் அமரும் இடத்துக்குத் தச்சர் மேசை. பலர் மாறி மாறி அமரும் இடத்துக்கு 62க்குக் கீழே இறங்கும், கையால் சுற்றும் மேசை. கொள்வனவுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலைமனு கோருமுன் அங்கே அமரப்போகிறவர்களை ஒரு நாடாவால் அளந்து, மிகக் குட்டையானவரின் முழங்கை உயரத்தை முதல் நிபந்தனையாக எழுதுங்கள்.