முதலாண்டு மாணவரும் ஒரு வெள்ளியும்

பல்கலைக்கழக முதலாண்டில் நம் பிள்ளைகளை மிரட்டுவது பாடமன்று, மொழியே என்பேன். 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. அங்கு 1956இல் இந்தியவியல் துறை அமையுமுன், முதலிடம் சமஸ்கிருதத்திற்கா தமிழுக்கா என்னும் வழக்கு எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என முழங்கி, அத்துறையின் தமிழ் நூலகத்திற்கு நிதியும் திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. அக்காலத்துத் தோட்டத் தொழிலாளருக்கு அது சிறு தொகையன்று!

தமிழே வென்றது. பின்னர் 1970களில் பயிற்றுமொழி படிப்படியாக மலாய்க்கு மாறிற்று. தமிழ் அத்துறையில் நிலைத்தது. பல்கலைக்கழகம் செல்லும் என் மாணவரிடம், பால்மரம் சீவியவர் ஈந்த அந்த ஒரு வெள்ளியைப் பற்றித் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன்.