மலைக்கு உரியார் யாவர்? பிரித்தானிய மலையேறிகள் வரலாற்றில் ஓர் அதிகாரம்

மலையேறுதல் உலகில் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தேனெடுப்போனும் இடையனும் வேடனும் பளிங்குக்கல் தேடித் திரிந்தோனும் அடியாரும் எல்லா நாடுகளிலும் மலை ஏறினர். அவர்கள் ஏறியதற்கு ஒரு பயன் இருந்தது; தேனோ, இரையோ, தெய்வ தரிசனமோ மேலே காத்திருந்தது. உச்சியிலிருந்து எடுத்துவருதற்கு ஒன்றுமில்லை என்பதை நன்கறிந்தும், அதனைச் சேர்தற்பொருட்டே உயிரைப் பணயமாக வைத்து ஏறி, இறங்கி, மறுநாட் காலையில் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ திரும்பும் மனிதன் வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றினான். அவன் தோன்றிய சிறிது காலத்துள் அவன் வழியை மறித்து ஒரு வினாவும் எழுந்தது. மலை யாருக்கு உரியது என்பதே அவ்வினா. பிரித்தானியாவிலே அது மிகக் கூர்மையாக எழுந்தது. அந்நாட்டு மலைகள் உயரத்தாற் சிறியன. யாவற்றினும் உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீற்றர் மட்டுமே. இலங்கையின் பீதுருதாலகாலையின் உயரத்திற் பாதியை அது சிறிதே விஞ்சும். எனினும் மலையேறுதலை ஒரு விளையாட்டாகவும் வாழ்க்கை முறையாகவும் ஆக்கியவர் அச்சிறு மலைகளுக்குரிய நாட்டினரே.

1857 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அல்பைன் கழகம் நிறுவப்பட்டது. இவ்வகைக் கழகங்களுள் உலகில் முதலாவது அதுவே. அதன் உறுப்பினருட் பலர் நியாயவாதிகள், பாதிரிமார், சர்வகலாசாலை ஆசிரியர் ஆகியோர். இவர்களுக்குப் பொதுவாய் அமைந்தது வீரமன்று, விடுமுறையே என்று கூறின் அது மிகையாகாது. நீதிமன்றங்களும் சர்வகலாசாலைகளும் கோடையில் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. அக்காலத்திற் புகையிரதமும் சுவிற்சர்லாந்து வரை சென்றது. அங்கே கூலிக்கு அமர்ந்த வழிகாட்டிகள் பனியிற் படி வெட்டிக்கொடுக்க, கனவான்கள் ஏறினர். 1865 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் நாள் எட்வேர்ட் விம்பர் முதலிய எழுவர் மற்றர்ஹோண் சிகரத்தை முதன்முதல் அடைந்தனர்; இறங்குகையில் ஒருவர் கால் சறுக்க, கயிறு அற்று, நால்வர் மாண்டனர். மாண்டவருள் ஒரு பிரபு குடும்பத்து இளைஞனும் மிஷல் குறோ என்னும் சிறந்த வழிகாட்டியும் இருந்தனர். இங்கிலாந்தெங்கும் கண்டனம் எழுந்தது. கழகமோ கலையவில்லை.

தாய்நாட்டு மலைகள் அக்கனவான்களுக்கு முதலில் ஒரு பயிற்சிக்களமாகவே தோன்றின. அல்ப்ஸ் மலைக்குச் செல்ல இயலாத குளிர்காலத்திலும் உயிர்த்த ஞாயிறு விடுமுறையிலும் கை கால் மரத்துப்போகாதிருக்க அவர்கள் ஏரி மாவட்டத்தின் வாஸ்டேல் ஹெட் என்னும் சிற்றூரிற் கூடினர். 1886 ஆம் ஆண்டிலே வோல்ற்றர் பரி ஹஸ்கெட் சிமித் என்பவர் கிறேற் கேபிள் மலைச் சரிவில் ஊசிபோல் நின்ற ஒரு கற்றூணில், துணையுங் கயிறுமின்றித் தனியராய் ஏறி இறங்கினார். நேப்ஸ் ஊசி எனப்படும் அக்கல்லின் உச்சியில் ஒருவர் நிற்பதே அரிது. அல்ப்ஸ் ஏற்றத்துக்கு ஆயத்தமாக அன்றி, பாறையேற்றத்தின் பொருட்டே பாறை ஏறுதல் என்னும் வழக்கம் அந்நாட்டில் அதனோடு தொடங்கிற்று என்பது பலரது கொள்கை. அவ்வூர் விடுதியில் வைக்கப்பட்டிருந்த புத்தகத்திலே ஒவ்வொரு புதிய வழியும் பதியப்பட்டது. மாலையில் நனைந்த சப்பாத்துகள் அடுப்பங்கரையிற் காய, பகலெல்லாம் பாறையில் தொங்கியவர்கள் பில்லியட் மேசையைச் சுற்றி நிலத்திற் கால்படாது தொற்றிச் செல்லும் பந்தயம் வைத்து விளையாடினர். பேராசிரியர்களும் பாதிரிமாரும் இவ்வாறு விளையாடினர் என்பதை மாணவர்கள் அறிதல் நன்று!

பெண்களும் இம்மலைகளில் ஏறினர்; ஆயினும் அல்பைன் கழகம் 1974 வரை அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆதலின் அவர்கள் 1907 இல் தமக்கென ஓர் அல்பைன் கழகத்தையும், ஆடவர் துணையின்றித் தாமே கயிற்றின் முன்னணியில் நின்று ஏறப் பழகுதற்கு 1921 இற் சிகரக் கழகம் என்னும் பொருளுடைய பினக்கிள் கழகத்தையும் அமைத்தனர்.

முதல் உலகப் போர் அக்கழகங்களின் இளைஞர் பலரை விழுங்கிற்று. இறந்த தம் தோழர்க்கு நினைவுச்சின்னம் எழுப்ப எண்ணிய ஏரி மாவட்டக் கழகத்தார் சிலை வைக்கவில்லை; மலையை வாங்கினர். கிறேற் கேபிளும் அதனைச் சூழ்ந்த மேட்டுநிலமும் விலைகொடுத்துப் பெறப்பட்டு, எவரும் என்றும் தடையின்றி உலாவுதற்பொருட்டு 1923 இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. 1924 யூன் 8 ஆம் நாள் மழையிலும் மூடுபனியிலும் பெருங்கூட்டம் உச்சிக்கு ஏறி, இறந்தோர் பெயர் பொறித்த பலகையைத் திறந்துவைத்தது. அதே நாளிலேதான், அங்கிருந்தோர் அறியாவண்ணம், மலோரியும் இர்வினும் எவரெஸ்ட் சிகரச் சரிவிற் கண்ணுக்கு மறைந்தனர். மலை ஒன்று தனியார் உடைமையாயிருத்தல் தகாது என்னும் எண்ணம் கனவான்களிடத்தும் வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கொடையே சான்று. ஆயினும் விலைகொடுத்து வாங்க வல்லவர்க்கே அவ்வழி திறந்திருந்தது.

விலைகொடுக்க இயலாதவர் தெற்கே, மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே வாழ்ந்தனர். பருத்தியாலையும் உருக்காலையும் நிறைந்த அவ்விரு நகரங்களுக்கும் நடுவே கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் 636 மீற்றர் உயரத்தில் விரிந்துகிடக்கிறது. நகரத்துப் புகைபோக்கிகளின் நிழலில் வாழ்ந்தோர்க்கு அது கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை. முன்னர் ஊர்ப்பொதுவாயிருந்த நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களினால் வேலியடைக்கப்பட்டுப் பெருநிலக்கிழார் கைக்குச் சென்றிருந்தன. அவர்கள் அங்கே கௌதாரி இனத்ததாகிய குறவுஸ் என்னும் பறவையை வளர்த்தனர். ஆகத்து 12 ஆம் நாள் வேட்டைப் பருவம் தொடங்கும். ஆண்டிற் சில நாட்களே துப்பாக்கி ஒலிக்கும். மற்றெல்லா நாட்களிலும் காவற்காரர் தடியும் நாயுமாய் நின்று வருவோரை விரட்டினர். ஜேம்ஸ் பிறைஸ் என்னும் அறிஞர், பின்னாளில் அல்பைன் கழகத்துக்குத் தலைவராயிருந்தவர், மலைகளுக்குச் செல்லும் உரிமை யாவர்க்கும் வேண்டுமென்று 1884 இற் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அதன் பின் வந்தனவும் நெடுங்காலம் அக்கதியையே அடைந்தன.

ஆயினும் தொழிலாளர் மலைக்குச் செல்லாதிருக்கவில்லை. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளிற் சனிக்கிழமை பிற்பகலை ஓய்வாக்கியிருந்தது. 1900 இல் ஜீ. எச். பி. வார்ட் என்பவர் ஷெபீல்டிலே தொழிலாளர்க்கென ஒரு நடைக்கழகத்தைத் தொடங்கினார். 1930 இல் இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றி, இரவொன்றுக்கு ஒரு சிலினுக்குப் படுக்கை கொடுத்தது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கி, அவர்கள் விரும்பாத ஓய்வையும் கொடுத்தது.

ஸ்கொத்லாந்திற் கிளாஸ்கோ நகரத்தின் நிலையே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிளைட் ஆற்றங்கரைக் கப்பற்றுறைகள் வெறிச்சோடிக் கிடந்த அந்நாட்களில், நகரத்துக்கு வடக்கே கிறெய்கலியன் ஏரிக்கரையில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டேயிருந்தது. வருவோரும் போவோரும் விறகு இட்டமையால் அது அணையாதிருந்தது என்பர். வேலையற்றோர் நடந்தே அங்கு வந்து, தகரப்பேணியில் தேநீர் காய்ச்சி, அரசியலும் மலைச்செய்தியும் பேசி, மேலும் வடக்கே நடந்தனர். படுக்கைக்கு விடுதியில்லை. பாறைக்கடியிலுள்ள குகைகளிலும் மாட்டுக்கொட்டில்களிலும் வைக்கோலும் பழைய செய்தித்தாளும் பரப்பி உறங்கினர். கப்பற்றுறையிற் பாரந்தூக்கி இயக்கிய ஜொக் நிம்லின் 1929 இல் ராமிகன் கழகத்தைத் தொடங்கினார். கிளைட்பாங்கு ஊரார் 1930 இற் கிறீக் டூ கழகத்தை அமைத்தனர். விரைவில் இக்கழகத்தார் அந்நாட்டின் மிகக் கடினமான பாறைகளில் ஏறுவோராய் விளங்கினர். கனவான்களின் கழகங்களிற் சேர்தற்கு முன்மொழிவோரும் வழிமொழிவோரும் வேண்டும். கிறெய்கலியனிலோ ஒரு விறகுக்கட்டை போதும்.

1932 ஏப்பிரில் 24 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்ததை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். பெனி றொத்மன் என்பவர் மான்செஸ்டர் நகரத்தவர், வயது இருபது, மோட்டார் இயந்திரத் தொழில் பயின்றவர். தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்த அவரும் தோழரும் கிண்டர் மலைமேற் கூட்டமாக ஏறப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தனர். பொலிசார் புகையிரத நிலையத்திற் காத்திருப்பர் என அஞ்சி, அவர் துவிச்சக்கரவண்டியிலே ஹேபீல்ட் கிராமத்தை அடைந்தார். அங்குள்ள ஒரு கற்குழியில் நானூறு பேரளவிற் கூடினர். றொத்மன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று பேசினார். பின் யாவரும் பாடிக்கொண்டு மேலேறினர். சரிவிலே காவற்காரர் தடியுடன் எதிர்ப்பட, சிறு கைகலப்பு நிகழ்ந்தது. ஒரு காவற்காரர் காயமுற்றார். ஏறியவர்கள் மேட்டிலே ஷெபீல்டுப் பக்கமிருந்து வந்தோரைச் சந்தித்து மகிழ்ந்து திரும்பினர். கிராமத்திற் பொலிசார் காத்திருந்தனர், அறுவர் கைதாயினர்.

அத்துமீறி நுழைதல் அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்று. நிலவுடையார் நட்டஈடு கேட்டு வழக்கிடலாம், அவ்வளவே. ஆதலின் கலகஞ் செய்தமை முதலிய குற்றங்களே சாட்டப்பட்டன. டாபி நீதிமன்றத்திலே யூலை மாதத்தில் ஐவர்க்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. றொத்மனுக்கு நான்கு மாதம். நடைக்கழகங்களின் மூத்தோர் பலர் இச்செயலை முன்னரே வெறுத்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. பொறுமையாகப் பேசிப் பெறக்கூடியதை இளைஞரின் ஆரவாரம் கெடுத்துவிடும் என அவர்கள் கருதினர். அக்கருத்து முற்றும் பிழையென்று கூறமுடியாது. எனினும் 1884 முதல் பொறுத்திருந்து பெற்றது யாது என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை. தண்டனையின் கடுமையே மக்களை இளைஞர் பக்கம் திருப்பிற்று. அவ்வாண்டிலேயே வின்னற்ஸ் கணவாயில் நடந்த உரிமைக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

சட்டம் மெல்ல ஊர்ந்தது. 1949 இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் நிறைவேறியது. 1951 இற் கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டம் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 1965 இற் பெனைன் நெடுவழி திறக்கப்பட்டது. கிண்டர் மேடு 1982 இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பின் கைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலைமேட்டில் நடக்கும் உரிமையைப் பொதுவிதியாக்கிய சட்டமோ 2000 ஆம் ஆண்டிலேயே வந்தது. றொத்மன் 2002 சனவரியில் இறந்தார். சில மாதங்களின் பின், எழுபதாம் ஆண்டு நினைவுக்கூட்டத்தில், அந்நாளைய நிலவுடையாரின் பேரனாகிய டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோர் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

சட்டம் வருமட்டும் மலையேறிகள் காத்திருக்கவில்லை என்று மேலே கூறினோம். இரண்டாம் உலகப் போரின் பின் மான்செஸ்டரிலே ஒரு புதிய தலைமுறை தோன்றியது. 1951 இல் அமைந்த றொக் அன்ட் ஐஸ் கழகத்தின் ஜோ பிறவுணும் டொன் வில்லன்ஸும் நீர்க்குழாய் பொருத்துந் தொழிலாளர். பிறவுண் சிறுவனாயிருக்கையில் முதன்முதல் ஏறப் பயன்படுத்திய கயிறு, தாயார் துணி உலர்த்திய கொடிக்கயிறு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிடைத்த வாகனத்தில் வேல்ஸ் நாட்டுக்குச் சென்று, கொட்டிலிலோ கூடாரத்திலோ உறங்கி, இரு நாட்கள் ஏறி, திங்கட்கிழமை காலையில் மீண்டும் குழாய்த் தொழிலுக்கு வந்துசேருதல் அவர்களது வாழ்க்கை முறை. சணற்கயிற்றின் இடத்தில் நைலோன் கயிறு வந்தது. ஆணியடித்த சப்பாத்தின் இடத்தில் இறப்பர் அடி வந்தது. இவற்றினும் சுவையானது இன்னொன்று. முன்பு வெடிப்புகளிற் கூழாங்கல்லைச் செருகி அதிற் கயிறு கோத்துத் தம்மைக் காத்த மலையேறிகள், ஸ்னோடன் மலைக்குச் செல்லும் சிறு புகையிரதப் பாதையோரத்தில் விழுந்துகிடந்த திருகாணிச் சுரைகளைப் பொறுக்கிச் செருகலாயினர். சுரையின் உட்புரி கயிற்றை அறுக்காதபடி அதனை அராவித் தேய்க்கும் கைப்பழக்கம் பட்டறைத் தொழிலாளரிடம் முன்னரே இருந்தது. பின்னர்க் கடைகளில் விற்கப்பட்ட கருவிகள் பலவற்றுக்கு அப்பழஞ் சுரையே மூலம். 1952 இல் லன்பெரிஸ் கணவாயிலுள்ள செனொராவ் மூலை என்னும் செங்குத்தான பாறைமடிப்பிற் பிறவுண் ஏறியபோது, அவரது திறமையைப் பழைய கழகங்களும் ஒப்புக்கொண்டன.

1955 இற் சத்திரசிகிச்சை நிபுணராகிய சாள்ஸ் எவன்ஸ் தலைமையில் உலகின் மூன்றாவது உயரமான கஞ்சன்ஜங்காவுக்குச் சென்ற குழுவிற் பிறவுணும் இடம்பெற்றார். அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வத்தின் உறைவிடம். அதன் உச்சியை மிதிப்பதில்லை என்று குழுவினர் முன்னரே வாக்களித்திருந்தனர். மே 25 ஆம் நாள், கேம்பிறிட்ஜில் நிலவியல் பயின்ற ஜோர்ஜ் பான்டும் மான்செஸ்டர் குழாய்த் தொழிலாளியும் ஒரே கயிற்றிற் பிணிக்கப்பட்டு மேலேறினர். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைச்சுவர் எதிர்ப்பட்டது. அதிலிருந்த வெடிப்பிற் கைகளைச் செருகிப் பிறவுண் ஏறினார். பீக் மாவட்டத்துப் பாறைகளிற் காவற்காரர் கண்ணுக்குத் தப்பிப் பழகிய வித்தை அது. மேலே சென்றதும், வெண்பனி மூடிய உச்சி சில அடிகளுக்கு அப்பால், எவ்விதத் தடையுமின்றி இருந்தது. இருவரும் அங்கேயே நின்று படமெடுத்துக்கொண்டு இறங்கினர். மறுநாள் ஏறிய ஹாடியும் ஸ்ற்றீதரும் அவ்வாறே அவ்விடத்தில் நின்று திரும்பினர்.