பிப்ளிக்கல்

பைபிளைச் சார்ந்தது என்பதே இந்த ஆங்கிலப் பெயரடையின் நேர்ப்பொருள். வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. எகிப்தின் பப்பைரஸ் கோரையைக் கிரேக்கர் ‘பிப்லோஸ்’ என்றனர். கோரைத்தண்டைக் கீறி, பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தினால் எழுதும் தாள் கிடைக்கும். அந்தத் தாளில் எழுதிய சுருள் ‘பிப்லியோன்’, பன்மையில் ‘பிப்லியா’. இன்றைய லெபனானில் பிப்லோஸ் என்றொரு பழைய துறைமுகமும் உண்டு. ஊரால் தாளுக்குப் பெயரா, தாளால் ஊருக்குப் பெயரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இலத்தீனுக்குள் வந்ததும் ஒரு வேடிக்கை. ‘நூல்கள்’ என்ற பன்மையை, பெண்பால் ஒருமை என்று எண்ணிவிட்டார்கள். பல நூல்களின் தொகுப்பு ஒரே நூலானது இப்படித்தான். பிப்லியோகிராஃபி என்ற சொல்லும் இதே வேர்தான், ஆனால் அதில் வேத வாசனை கிடையாது.

பெருவெள்ளம், வெட்டுக்கிளிப் படை என்றால் ஆங்கிலச் செய்தியாளர்கள் ‘பிப்ளிக்கல்’ அளவு என்பார்கள். நோவா காலத்துப் பிரளயமும் எகிப்தின் வாதைகளும் தந்த பொருள் அது. இப்போது கொஞ்சம் மலிவாகவே புழங்குகிறது. பைபிளுக்குப் பெரிய எழுத்து போடும் ஆங்கிலம், இந்தப் பெயரடையைப் பெரும்பாலும் சிறிய எழுத்திலேயே தொடங்குகிறது.

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘விவிலியம்’ அந்தக் கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவமே. ஆகவே, ‘விவிலிய’ என்பது இதற்குச் சரியான அடைமொழி.