தரங்கம்பாடிக் கப்பலும் ஆமைக் கடற்கரையும்

கிரேட் நிக்கோபாரின் தெற்கே கலாத்தியா விரிகுடா இருக்கிறது. இதென்ன கிரேக்கப் பெயர் என்று தேடிப் பார்த்தேன். டேனிஷ் கப்பலின் பெயராம். 1845-ல் நம்ம தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க வந்து, 1846-ல் நிக்கோபாருக்குப் போன கப்பல்! 1868-ல் அந்தத் தீவுகளையும் டென்மார்க் விற்றுவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தக் கைமாற்றமெல்லாம் ஆமைகளுக்குத் தெரியுமா என்ன? உலகின் மிகப் பெரிய ஆமையான லெதர்பேக் (கெட்டி ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகு) முட்டையிட இந்த மணலுக்கு வருகிறது. 1997-ல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2004 சுனாமியில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது, கடற்கரையும் போயிற்று. அடுத்த சில வருடங்களில் அலைகளே மணலைக் கொண்டுவந்து சேர்க்க, ஆமைகளும் திரும்பி வந்தன.

2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்துக்காக, சரணாலய அந்தஸ்தை நீக்க தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புக்கொண்டது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் நிபுணன் இல்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. சுனாமி கொண்டுபோன மணலைக் கடல் திருப்பிக் கொடுத்தது. கான்கிரீட்டுக்கு அடியில் போகும் மணலை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?