கூடையின் சாட்சியம்: மலாக்காவின் சருகுமானும் ஒரு குழந்தைப் படமும்



மலாக்கா மாநிலத்தின் சின்னத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நடுவில் ஒரு மரம்; அதன் இருபுறமும் இரண்டு சிறு விலங்குகள். மரம் வேறெதுவுமன்று, நம் நெல்லியின் இனம். மலாய் மக்கள் அதை ‘மெலாக்கா மரம்’ என்பர். வடமொழியின் ‘ஆமலகம்’ அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. விலங்கு, தமிழில் சருகுமான் என்று வழங்கும் கஞ்சில். சிங்கப்பூரிலிருந்து வந்த அரசர் ஒருவர் இங்கே வேட்டையாடியபோது, ஒரு வெண்ணிறச் சருகுமான் அவருடைய வேட்டை நாயை உதைத்துத் தண்ணீரில் தள்ளியதாகவும், சிற்றுயிருக்கும் இத்தனை துணிவு வாய்க்கும் இடம் நல்ல இடம் என்று அவர் நகரம் அமைத்ததாகவும் ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. பேரரசுகள் சிங்கத்தையும் புலியையும் சின்னமாகக் கொள்ள, முயலளவே உள்ள ஒரு பிராணியைக் கொண்டது மலாக்கா. இந்தச் சருகுமானைப் பற்றியதே இன்றைய பொழிவு. ஆயினும் அதைவிட ஒரு கிழிந்த கூடையைப் பற்றியது என்பதே பொருந்தும்.

மலேசியாவின் முதல் இயங்கோவியக் குறும்படம் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. அதை ஆக்கியவர் பெயர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரை நம் வகுப்பறைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? பிலெம் நெகாரா நிறுவனத்தில் காட்சியமைப்புப் பணியில் இருந்தவர் அவர். 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவாகத் தொடங்கிய அந்த நிறுவனம், அரசுச் செய்திப் படங்களுக்கும் விளம்பரத் துணுக்குகளுக்கும் பெயர் பெற்றதே அன்றிக் குழந்தைக் கதைகளுக்கு அன்று. 1978இல் உருப்பெற்ற இந்த முயற்சி, 1983இலேயே தொலைக்காட்சியில் மக்கள் கண்ணுக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்ததே 1978ஆம் ஆண்டின் இறுதி நாள்களில்தான் என்பதை நினைத்தால் அக்காலத்துச் சூழல் விளங்கும்.

இக்கலையின் உழைப்பைக் கணக்கிட்டுச் சொன்னால் மாணவர்க்கு எளிதில் புரியும். திரைப்படச் சுருளில் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்திச் சிக்கனம் செய்தாலும் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720. கணினி இல்லாத அந்நாளில் அத்தனையும் கையால் வரைந்து, ஒளிபுகும் தாளில் படியெடுத்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகப் படக்கருவியின் கீழ் வைத்து எடுக்க வேண்டும். பெரிய நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்து செய்த வேலையைச் சேவியர் ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்தார். இதில் உருவத்தை வரைவதைக் காட்டிலும் கனத்தை வரைவதே கடினம். மெல்லிய காலுடைய சருகுமான் துள்ளுவதற்கும், முதலை தன் வயிற்றை இழுத்துக்கொண்டு நகர்வதற்கும் ஒரே கால அளவைக் கொடுத்தால் இரண்டும் காகிதமாகிவிடும். ஓவியங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும்தான் ஒன்றுக்கு இலேசையும் மற்றொன்றுக்குப் பளுவையும் தர முடியும். அவர் வழியைப் பின்பற்றி ஹசான் அப்துல் முத்தாலிப் 1984இல் ‘சாங் கஞ்சிலும் குரங்கும்’ என்ற படத்தைத் தந்தார். அவரே பின்னர், 1998இல், மலாக்காவின் ஹங் துவாவை வைத்து நாட்டின் முதல் முழுநீள இயங்கோவியப் படமான ‘சீலாட் லாகெண்டா’வையும் இயக்கினார்.

படத்துக்கு ஊற்றாக இருந்த கஞ்சில் கதைக் கொத்துக்கு வருவோம். மக்கள் இவற்றைக் குழந்தைக் கதைகள் என்கிறார்கள். அவற்றுள் ஒன்றை மெதுவாகச் சொல்லிப் பார்ப்போம்.

ஒரு முதலையின் மேல் மரம் சாய்ந்துவிடுகிறது. அவ்வழி வந்த எருமை, முதலையின் கெஞ்சலுக்கு இரங்கிக் கொம்பால் மரத்தை நெம்பித் தூக்குகிறது. நடக்க வலுவில்லை, ஆறுவரை சுமந்து செல் என்கிறது முதலை, எருமை சுமக்கிறது. நீரில் இறங்கியதும் முதலை எருமையின் காலைக் கவ்வுகிறது. நன்மைக்குத் தீமையா கைம்மாறு என்று எருமை அலறுகிறது. உலக வழக்கம் அதுதான் என்கிறது முதலை. வழியில் வருவோரைக் கேட்போம் என்று இருவரும் உடன்படுகிறார்கள். ஆற்றில் ஒரு கிழிந்த கூடை மிதந்து வருகிறது. அதனிடம் வழக்கைச் சொல்கிறார்கள். ‘நான் புதிதாக இருந்தபோது என் எசமானின் நெல்லைச் சுமந்தேன், கிழிந்ததும் என்னை ஆற்றில் எறிந்தார். முதலை சொல்வதே உண்மை’ என்று சொல்லிவிட்டுக் கூடை மிதந்து போகிறது. அடுத்து ஒரு கந்தல் பாய். அதன் சாட்சியமும் அதுவே. மூன்றாவதாகக் கரையில் சருகுமான் வருகிறது. நடந்ததைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்ல இயலாது, மறுபடி அப்படியே நடத்திக் காட்டுங்கள் என்கிறது. முதலை மீண்டும் மரத்தடியில் படுக்கிறது. எருமை மரத்தை அதன் மேல் இறக்குகிறது. ‘இனி வீட்டுக்குப் போ’ என்கிறது சருகுமான்.

குழந்தைகள் கைதட்டும் இடம் இது. நாமும் கைதட்டியவர்களே. ஆனால் கூடை சொன்னதை எவரும் மறுக்கவில்லையே! சருகுமான் முதலையைத் தந்திரத்தால் வென்றது. கூடையின் வாதத்தை வெல்லவில்லை, வெல்ல முயலவும் இல்லை. முதலைக்குத் தண்டனை கிடைத்தது. கூடையை எறிந்தவர் கதைக்குள் வரவே இல்லை. மலாயில் ‘ஹாபிஸ் மானிஸ் செப்பாஹ் டிபுவாங்’ என்றொரு பழமொழி உண்டு: இனிப்புத் தீர்ந்ததும் சக்கை வீசப்படும். கறிவேப்பிலை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வோம்.

இக்கதையின் உறவுகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தென்னிந்தியாவில் தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளைத் திரட்டி 1826இல் பாரிசில் வெளியிட்ட பஞ்சதந்திர நூலில், ஒரு பிராமணன் முதலையைக் கங்கைக்குச் சுமந்து செல்லும் கதை வருகிறது. அங்கே சாட்சி சொல்பவை ஒரு மாமரமும் ஒரு கிழப்பசுவும்; காப்பாற்றுவது நரி. கனி கொடுத்த மரத்தையும் பால் கொடுத்த பசுவையும் மனிதர் என்ன செய்கிறார்கள் என்று அவை சொல்ல, பிராமணன் வாயடைத்துப் போகிறான். அதே 1826இல்தான் சென்னையில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் தமிழ் உரைநடையில் அச்சேறியது. ஆசியா முழுவதும் உலவும் கதையை நாமே பெற்றோம் என்று மார்தட்ட இடமில்லை. கொடுத்தலும் கொள்ளலும் நடந்த பெருஞ்சந்தையில் நமக்கும் ஒரு கடை இருந்தது என்பதே சரி.

அந்தக் கடை மலாக்காவில் இருந்ததற்குச் சான்று உண்டு. 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த முன்ஷி அப்துல்லா, யேமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப்பெண்ணை மணந்த ஓர் அரபியரின் வழியில் வந்தவர். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது பழைய வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் அது தேவைப்பட்டது என்றும் தம் வரலாற்றில் அவர் எழுதுகிறார். அவரும் கற்றார். 1835இல், தம்பிமுத்து வீரபத்திரர் என்னும் நண்பரின் துணையோடு, தமிழிலிருந்து பஞ்சதந்திரத்தை மலாயில் பெயர்த்தார். நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் ஒருவர் விலங்குக் கதைகளுக்காகத் தமிழ்ச் சுவடியின் முன் அமர்ந்தார் என்பது நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி.

இத்தகைய கதைகளின் இருளை உலகப் படங்களும் விட்டுவிடவில்லை. 1940இல் வெளிவந்த டிஸ்னியின் ‘பினோக்கியோ’வில் ஒரு வண்டிக்காரன் சிறுவர்களை இன்பத் தீவுக்கு அழைத்துப் போகிறான். விளையாட்டும் தீனியும் தீர்ந்தபின் அவர்கள் கழுதைகளாகிறார்கள். உப்புச் சுரங்கத்துக்கும் வித்தைக் கொட்டகைக்கும் விற்கப்படுகிறார்கள். பினோக்கியோ தப்புகிறான். மற்றச் சிறுவர்கள் திரும்பியதாகப் படம் சொல்லவில்லை, வண்டிக்காரனும் பிடிபடவில்லை. உலகம் போற்றும் அந்தப் படத்தில், மலர்ந்த முகத்தோடு வரும் அந்த வண்டிக்காரனே மிகுந்த அச்சம் தருபவன். தோட்டத்துப் பெரியவர்கள் அதைப் பார்த்திருந்தால் அவனை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். ஆசை காட்டிக் கப்பலேற்றிய ஆள்கட்டிகளின் பேச்சு அவர்கள் வீட்டுக் கதை. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்குள் பல தலைமுறை வந்து சேர்ந்திருந்தது.

மலாக்காவுக்கு இதில் தனி இடம் உண்டு. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக இரப்பர் பயிரிடப்பட்டது இங்கேதான். 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பின்னர் புக்கிட் அசஹானில் விரித்தார். பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தரும். பால் வற்றியதும் வெட்டி மறுநடவு செய்வார்கள். மரத்துக்கு அது முறைதான். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, அந்த மரத்தை வெட்டியவர்களுக்கோ வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கு மாறியபோதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் கோவிலையும் பள்ளியையும் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றவர்கள் அவர்கள். கூடையின் சாட்சியத்தை நாம் விளையாட்டாகக் கேட்க இயலாமல் போவது இதனால்தான்.

இன்று நம் கைக்கு வரும் குழந்தைப் பதிப்புகள் சிலவற்றில் கூடையும் இல்லை, பாயும் இல்லை. முதலை கெட்டது, எருமை நல்லது, கஞ்சில் கெட்டிக்காரன் என்று நான்கு பக்கத்தில் கதை முடிகிறது. சிறுவர் மனம் வாடுமே என்ற பரிவால் செய்கிறார்கள் போலும். அதை நாம் ஏற்பதற்கில்லை. சாட்சிகளை நீக்கினால் எஞ்சுவது ஒரு தந்திரம் மட்டுமே. கதையின் வழக்கே போய்விடுகிறது. ‘செய்ந்நன்றியறிதல்’ அதிகாரத்தோடு இக்கதையைச் சேர்த்து நடத்தும் ஆசிரியர்களும், நாம் உட்பட, முதலையைச் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜாசின் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இக்கதையை முழுமையாகச் சொல்லி, இதில் நன்றி மறந்தவர் யார் என்று கேட்டோம். முதலை என்று வகுப்பே கூவியது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, ‘கூடையத் தூக்கிப் போட்டவங்களும்தானே, சார்?’ என்றாள். கரும்பலகையில் முதலை, எருமை, சருகுமான் என்று மூன்று பெயர்களே எழுதியிருந்தோம். நான்காவதை எழுத இடம் தேட வேண்டியிருந்தது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, இந்தக் கதையைத் தமிழில் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். ஆற்றில் மிதந்து வந்தது கூடைதானா, முறமா, பழைய பால் வாளியா என்பதைத் தவறாமல் குறிக்கச் சொல்லுங்கள்.